நாச்சிமுத்து உட்கார்ந்த இடங்கள்

மழை பிடித்தால் பதினைந்து நாள் துணி காயாத, அரைத்த மாவு மூன்று நாளானாலும் அரைத்தபடியே கிடக்கிற, தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தால்தான் குச்சி பற்றுகிற எங்கள் கரிமட்டத்தில், மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாச்சிமுத்து அண்ணன், ஓர் ஐப்பசி மாதத் திங்கட்கிழமை கோயம்புத்தூரில் முதல் கரண்ட் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்த இடம் புதன்கிழமை வரை சுட்டது.

கரண்ட் என்றால் வீட்டில் பல்பு எரிகிற கரண்ட் இல்லை. புற்றுக்கட்டி வந்தவர்களை மெஷினுக்கு அடியில் படுக்கவைத்துக் கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாது, மேலே பட்டாலும் தெரியாது, பத்து நிமிஷத்தில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். போய்வந்தவர்கள் யாரும் பெஞ்சைச் சுட வைத்ததாக அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படாத விஷயம் நடக்கிறபோது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஊரும் இல்லை எங்கள் ஊர்.

சூட்டை முதலில் கண்டுகொண்டது டீக்கடைப் பூனை. அது செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு, பக்கத்தில் மாவுக்கடை வைத்திருக்கும் கமலவேணி, இரண்டு நாளாகப் பொங்காமல் கிடந்த இட்லி மாவுக் குண்டாவை இறக்கிவைக்க இடமில்லாமல் பூனையைத் தள்ளிவிட்டு அந்தப் பெஞ்சில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய் மூடியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மாவு பொங்கி, வழிந்து, பெஞ்சின் காலைத் தொட்டிருந்தது. அவள் சாமியைக் கூப்பிடவில்லை, கத்தவும் இல்லை. வழிந்ததில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இங்க யாருங்க உக்காந்திருந்தது?" என்று டீ மாஸ்டரிடம் கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு நாச்சிமுத்து அண்ணனின் பிழைப்பு மாறிப்போனது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது ஊருக்குத் தெரியாத உண்மை, அவருக்கும் அவர் வீட்டுக்காரி தெய்வானைக்கும் மட்டும் தெரிந்தது. எட்டு மாசமாக அவருக்குக் கொல்லைக்குப் போகும்போது ரத்தம் போயிருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே முப்பத்தோரு வருஷம் இன்ஜின் கொதித்த சூடு, அதனால் வந்த மூல வியாதியாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றார், மோர் குடித்தார், வாரம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளித்தார், எவனோ கொடுத்த கருணைக்கிழங்கு லேகியத்தை நக்கினார். கடைசியில் ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மலக்குடலில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. வழக்கமாகக் கரண்ட் வைத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுத்து எடுத்துவிடுவோம், ஆனால் உங்கள் இருதயம் நாலில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆகவே கத்தி கிடையாது. மாத்திரையும் கரண்டும்தான். மொத்தம் இருபத்தெட்டு. சனி, ஞாயிறு தவிர்த்துத் தினமும் ஒன்று. நடுவில் நிறுத்தினால் கட்டி சுதாரித்துக்கொள்ளும்.

எங்கள் ஊரில் நோயாளியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டோம். எங்கே இருக்கிறது என்றுதான் கேட்போம். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சாத்துக்குடிப் பையையும் மேஜையில் வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, கட்டி எங்கீங்க?" என்று முதல் ஆள் கேட்டபோது, நாச்சிமுத்து அண்ணன் கையைத் தொப்புள் மேல் வைத்து, "வயித்துலதானுங்க" என்றார். தொப்புளுக்கும் உண்மையான இடத்துக்கும் ஒன்றரை சாண் தூரம் இருக்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவை நாளுக்கு நாலு தடவை கடந்த மனுஷனால் அந்த ஒன்றரை சாணைக் கடக்க முடியவில்லை.

ஆக, வயிற்றில் கட்டி, வயிற்றுக்குக் கரண்ட், உட்கார்ந்த இடத்தில் சூடு. இதை வைத்து ஊர் ஆளுக்கொரு விளக்கம் சொன்னது. எலக்ட்ரீஷியன் அற்புதம், உடம்பில் எர்த் சரியில்லாததால் கரண்ட் கசிகிறது என்றார். சூடு மேலே போவதுதானே இயல்பு, இவருக்கு மட்டும் ஏன் கீழே இறங்குகிறது என்று கேட்டதற்கு, மலைக்காரனுக்கு எல்லாமே இறக்கம்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த டீக்கு ஆர்டர் கொடுத்தார். அதற்கு மேல் காரணத்தை ஆராய யாருக்கும் நேரம் இல்லை. மழைக்காலம், வீட்டுக்கு வீடு ஈரத் துணி.

முதல் வாரம் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்கள். "அண்ணா, சும்மா போற வழியில எங்க வீட்டுக் கட்டில்ல ஒரு நிமிசம் உக்காந்துட்டுப் போங்க, கொழந்தைக்குச் சளி." இரண்டாவது வாரத்தில் கூச்சம் போய்விட்டது. தபால் ஆபீஸில் ஈரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட ஸ்டாம்புகளைப் பிரிக்க மர ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பூஞ்சை பிடித்த பழைய ஃபைல்களின் மேல் உட்காரவைத்தார்கள், அந்த ஃபைல்களில் ஒன்றில் அவர் பஸ் எருமையை இடித்த வழக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதும் பெஞ்சு ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தார், அந்த வருஷம் அரையாண்டில் எங்கள் பிள்ளைகள் கை விறைக்காததால் இரண்டு பக்கம் அதிகமாக எழுதி இரண்டு பக்கம் அதிகமாகத் தப்பு செய்தார்கள். கோழிக்குடாப்பின் மேல் உட்கார்ந்தார், பதினொரு முட்டையில் பதினொன்றும் பொரிந்தது. மத்தியான பஸ்ஸில் அவர் உட்கார்ந்து வந்த சீட்டை கண்டக்டர் மறுநாள் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் மட்டும்தான் கொடுத்தார், அதற்குச் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களும் உண்டு.

மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் யார் முறை என்று சண்டை வந்தபோது, வியாபாரிகள் சங்கத் தலைவர் குப்புராஜ் தலையிட்டு ஓர் அட்டவணை போட்டார். குப்புராஜ் எதற்கும் அட்டவணை போடுகிற மனிதர். இரண்டரை மணிக்கு பஸ் இறங்கியதும் மாவுக்கடை, மூன்று மணிக்கு மேலத்தெரு, மூன்றரைக்குக் கீழத்தெரு, நாலு மணிக்கு அரசு அலுவலகங்கள், நாலரைக்குக் கோயில், வெள்ளிக்கிழமை மட்டும் சர்ச்சும் பள்ளிவாசலும் மாற்றி மாற்றி. மாவுக்கடையை முதலில் போட்டதற்குக் காரணம், ஊரே இப்போது கமலவேணியின் மாவைத்தான் வாங்கியது. எங்கள் ஊர் இட்லி அதற்கு முன்னால் எப்போதும் அப்படிப் பூப்போல வந்ததில்லை. சமவெளியில் கல்யாணம் கட்டிக்கொண்டு போன பெண்கள் இட்லி சாப்பிடப் பிறந்த வீட்டுக்கு வந்தார்கள்.

நாச்சிமுத்து அண்ணனுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஓய்வு பெற்ற டிரைவரை யார் தேடுகிறார்கள்? இரண்டு வருஷமாகப் பால் வாங்கப் போவதும், பஸ் ஸ்டாண்டில் நின்று அடுத்தவன் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டுவதுமாக இருந்தவரை, இப்போது நாலு பேர் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். "அண்ணா வந்தாச்சு, எந்திரிங்கடா" என்று இடம் விட்டார்கள். சாவு பக்கத்தில் வந்து நிற்கிறபோது ஊர் இன்னும் பக்கத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் தெம்பாக இருக்காது.

காலை ஆறு பத்துக்கு முதல் பஸ். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரம் முட்டினாலும் போகாமல் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே ஒதுங்கும், கரண்ட் படக்கூடாத இடத்தில் படாது. இடுப்பைச் சுற்றி மூன்று இடத்தில் மையால் குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறிக்கு நேராகத்தான் மெஷின் பார்க்கும். குறி அழியக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று நர்ஸ் தெய்வானையிடம் மூன்று தடவை சொன்னாள். தெய்வானை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குளிக்கும்போது பக்கத்தில் நின்று காவல் காத்தாள். ஆனாலும் தீபாவளி வந்தது. விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் தரித்திரம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், உடம்புச் சூடும் தணியட்டும் என்ற நல்லெண்ணத்தில், தெய்வானை பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவரைப் பிடித்து உட்காரவைத்து, உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் ஊற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். மூன்று குறியும் போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரி லீவு. மறுநாள் திரும்ப ஸ்கேன் எடுத்துத் திரும்பக் குறி போட்டு முடிப்பதற்குள் டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

உட்கார்ந்த இடம் சுடுகிறது என்பதைத் தெய்வானை டாக்டரம்மாவிடம் சொல்லாமல் இல்லை. அவர் அதை ஃபைலில் எழுதிக்கொண்டு, "பசி எடுக்குதா?" என்று கேட்டார்.

நாலாவது வாரத்தில் சூடு வெளியே மட்டும் இல்லை என்று ஆனது. கரண்ட் பட்ட இடத்தில் தோல் கறுத்து, சிவந்து, வெந்தது. நாளுக்குப் பத்துத் தடவை ஓட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது. தெய்வானை களிம்பு தடவி, வெள்ளை வேட்டியைக் கிழித்து மெத்தென்று மடித்துக் கொடுத்தாள். அதோடுதான் அட்டவணைப்படி போனார். மேலத்தெருவில் உட்கார்ந்தார், கீழத்தெருவில் உட்கார்ந்தார், கருங்கல் படியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு இப்போதெல்லாம் என்ன ஒரு சிரித்த முகம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் கண்ணில் அப்போது என்ன இருந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. இல்ல நான் சொல்றேன்" என்றாள் தெய்வானை.

"என்னத்தப் புள்ள சொல்லுவ?"

"இந்த எடத்துல கட்டின்னு."

"சொன்னா? அதுக்கப்புறம் நான் உக்காந்த பெஞ்சில ஒருத்தன் உக்காருவானா? அந்த மாவ ஒருத்தி தொடுவாளா? போறப்ப பேரோட போயிடறேன், உடு."

"பேர வெச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு அவள் களிம்பு டப்பாவை மூடினாள்.

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, இருபத்து நாலாவது கரண்ட் முடிந்ததும், டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுத் தோலைப் பார்த்தார்.

"நாச்சிமுத்து, இனிமே நீங்க உட்காரவே கூடாது. நில்லுங்க, நடங்க, ஒருக்களிச்சுப் படுங்க. இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் தோல் பிஞ்சிரும். பிஞ்சு புண்ணாச்சுன்னா நான் கரண்டை நிறுத்தித்தான் ஆகணும். இன்னும் நாலு பாக்கி இருக்கு. மத்தவங்களுக்கு ஆபரேஷன் இருக்கு, உங்களுக்கு இது ஒண்ணுதான். புரியுதா?"

"நாளைக்கு ஒரு கல்யாண வேலைங்க அம்மா. மொத்தம் மூணரை மணி நேரம்தான்..."

"கல்யாணத்துல நில்லுங்க."

அன்று மத்தியானப் பஸ்ஸில் அவர் இரண்டரை மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். கண்டக்டர் சீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு கெஞ்சினார். முட்டிவலிக்காரர்கள் மூன்று பேர், நாளைக்கு எங்கள் கதி என்ன என்று முறைத்தார்கள்.

அந்தக் கல்யாணம் குப்புராஜின் மகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் அவிநாசிப் பக்கத்துக்காரர்கள், ஆயிரத்து இருநூறு பேர் சாப்பாடு, காலைப் பலகாரத்துக்கு இட்லி. கரிமட்டத்து இட்லியைக் காட்டி அவிநாசிக்காரர்களை வாயடைக்க வைக்க வேண்டும் என்பது குப்புராஜின் வெறி. கமலவேணி ஏழு அண்டா மாவு அரைத்துச் சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். மண்டபத்தின் நடுவில் நீளமான பலா மரப் பெஞ்சு போட்டு, சிவப்பு வெல்வெட் விரித்து, ஏழு இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு அரை மணி நேரம். அவர் எழுந்ததும் வட்டத்தின் மேல் அண்டா ஏறும், ஒவ்வொரு தடவையும் நாதஸ்வரம் ஊதும். வாசலில் அவர் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ்: 'கரிமட்டத்தின் கணப்பே! வருக! அமர்க!' முந்நூறு பேர் முன்கூட்டியே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மாவு பொங்குவதைப் பார்க்க அவிநாசியிலிருந்தும் ஒரு வேன் வந்திருந்தது.

நாலு மணிக்கு அவர் வந்தார். தெய்வானை ஓரடி பின்னால் வந்தாள். பெஞ்சின் முன்னால் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கண்ணா" என்று குப்புராஜ் மைக்கில் சொன்னார். மைக்கு கூம்பு ஸ்பீக்கர் வழியாக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"பரவாயில்லீங்க. நிக்கறேன்."

"நின்னா எப்பிடீங்கண்ணா மாவு பொங்கும்?" என்று கமலவேணி கரண்டியோடு முன்னால் வந்தாள். "ஏழு அண்டாவும் தண்ணியா நிக்குது. மழ வேற. ஒரே ஒரு வட்டம் உக்காருங்க, மிச்சத்த நான் சமாளிச்சுக்கறேன்."

"முடியாது சாமி."

"கால்ல வேணா உழுகட்டுங்களா அண்ணா?" என்றார் குப்புராஜ். சொன்னதோடு நிற்காமல், மைக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு நிஜமாகவே விழப் போனார். பெண்ணைப் பெற்றவன் காலில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் பக்கத்து ஆள் எவனாலும் முடியாது. நாச்சிமுத்து அண்ணனின் முட்டி இரண்டும் மடங்கின. பாதி உட்கார்ந்துவிட்டார். பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த நாலு விரலில் வேட்டி மடிப்பு வெந்த தோலில் உரசியிருக்க வேண்டும். அவர் முகம் எப்போதும் போலச் சிரிக்கப் பார்த்து, சிரிக்க முடியாமல், கோணியது. அப்படியே எழுந்தார். பெஞ்சில் கிடந்த மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் என்னைய மன்னிக்கோணும். கட்டி வயித்துல இல்லீங்க. நான் பொய் சொல்லிப்போட்டேன். மலக்குடல்ல இருக்குது. வெளிய போற எடத்துல. கரண்டு வெக்கறது அங்கதான். தோலு வெந்து கெடக்குது. எட்டு மாசம் ரத்தமாப் போச்சுங்க, மூலம்னு நெனச்சு வெந்தயம் தின்னுட்டு யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன். ஆபரேசன் பண்ண என்ர நெஞ்சு தாங்காது. இன்னும் நாலு கரண்டு பாக்கி. இப்ப உக்காந்தேன்னா அந்த நாலு நடக்காது. அது நடக்கலீன்னா நான் இருக்க மாட்டனுங்க. எனக்கு இருக்கோணும்னு ஆசையா இருக்குது."

பஸ் ஸ்டாண்டில் நாலே கால் பஸ்ஸின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் எங்கள் மனசு அவருக்காக இளகியது என்று எழுத ஆசைதான். பொய். நாங்கள் இட்லியைத்தான் நினைத்தோம். ஐந்து வாரம், வீட்டுக்கு எத்தனை இட்லி, அத்தனையும் எந்தச் சூட்டில் பொங்கியது என்று முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அவிநாசி வேனில் வந்த ஒருவர் எழுந்து வெளியே ஓடினார். குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப இட்லி..." என்று ஆரம்பித்து, ஏழு அண்டாவையும் திரும்பிப் பார்த்தார்.

தெய்வானை மைக்கு இல்லாமலே பேசினாள். "இட்லிக்கு என்ன? சாணி வறட்டிய எரிச்சு அதுல சோறாக்கித் தின்னு வளந்தவங்கதான அல்லாரும்? அப்ப மாடு எந்தப் பக்கமாப் போட்டுதுன்னு கேட்டீங்களா? அஞ்சு வாரமா என்ர ஊட்டுக்காரரு உசுரு போற வலியில உக்காந்து சுட வெச்சாரு. நல்லாருக்குதுன்னு நீங்கதான் தின்னீங்க. நல்லாத்தான இருந்துது?"

நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். ஒருவர் எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், வரிசை வரிசையாக முந்நூறு பேரும் எழுந்துவிட்டோம். மரியாதைக்கு என்று அவிநாசிக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது இல்லை. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு ஒவ்வொருவருக்கும் தான் உட்கார்ந்திருக்கும் இடம் பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஞாபகம் வந்து, அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, எல்லாம் நின்றுகொண்டே நடந்தது. தாத்தா வயதுக்காரர்கள்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழு அண்டா மாவும் பொங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவிநாசிக்காரர்கள் உட்பட ஆயிரத்து இருநூறு பேருக்கும் கல்யாணப் பந்தியில் ரவை உப்புமா போட்டோம். அந்த அவமானத்தை குப்புராஜின் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மிச்சம் நாலு கரண்டும் தவறாமல் நடந்தது, தோல் தாங்கிக்கொண்டது, கடைசிக் கரண்டோடு சூடும் நின்றுபோனது, மூன்று மாசம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலுமிச்சங்காய் இருந்த இடத்தில் தழும்பு மாதிரி ஏதோ லேசாகத்தான் தெரிந்தது, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லி டாக்டரம்மா அனுப்பிவைத்தார் என்பதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை. இதைத் தெய்வானை அக்காவே பிறகு எங்களிடம் சொன்னார், கமலவேணியின் அனுமதியோடு.

அன்று சாயங்காலம் கமலவேணி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏழு அண்டா மாவு வீணாய்ப் போனவள், ஊர் முழுக்கக் கேள்வி கேட்கப்பட்டவள், சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வா. என்ன சொல்லோணுமோ சொல்லு."

கமலவேணி தெய்வானையைப் பார்க்கவில்லை. உள்ளே ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்து, தெருவில் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"அண்ணா, எட்டு மாசம்னு மைக்குல சொன்னீங்களே. ரெண்டு மாசம்னா சரியாப் போயிருமுங்களா?"

தெய்வானைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செருகிய முந்தானையை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஆரு ரெண்டு மாசம்? நீயா?"

"தெனமும் இல்லீங்கக்கா. நாலு நாளைக்கு ஒருக்கா. அடுப்புக்கிட்டயே நிக்கறதால சூடுன்னு நெனச்சேன்."

"அது என்னன்னு அவங்கதான் பாத்துச் சொல்லோணும். வெறும் மூலமாக்கூட இருக்கும். நாளைக்கு என்ர கூட வா" என்றார் நாச்சிமுத்து அண்ணன். "உன்ர ஊட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. வயித்துவலின்னு சொல்லிட்டு வந்தர்றேன்."

"வேண்டாங் கண்ணு. இருக்கறதச் சொல்லு."

"எப்பிடீங்கண்ணா அதப் போயி வாயத் தொறந்து சொல்றது?" என்று கேட்டு, ஊரையே அதட்டி மாவு விற்கிற கமலவேணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாச்சிமுத்து அண்ணன் ஜன்னலை விட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் முந்நூறு பேருகிட்டச் சொன்னேன், சாமி. நீ ஒருத்தங்கிட்டச் சொன்னாப் போதும்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஆறு பத்துக்கு" என்றார் அவர். "அவனையும் கூட்டிட்டு வா."